இராயப்பண்ணை முழந்தாளில் போன கோயில்

போன சனிக்கிழமை, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸ் வீட்டின் பேஸ்மென்றில் பழைய உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கொடுப்பதற்கு ஒரு பை, எறிவதற்கு ஒரு பை, மனைவிக்குத் தெரியாமல் திரும்பவும் அலுமாரிக்குள் வைப்பதற்கு ஒரு சிறு குவியல். வயது போகப் போக இந்த மூன்றாவது குவியல்தான் பெருகுகிறது. அதற்குள் வந்து அகப்பட்டது ஒரு கடும்நீலக் கோட். ஸ்பெயினுக்குப் போவதற்கென்றே வாங்கியது. தூக்கியவுடன் பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. பழக்கதோஷத்தில் உள்பையைத் தடவினேன். மடித்த கடதாசி ஏதோ இருந்தது. விரித்தால் நான்கு ரிக்கற்றுகள். ஒரு பெரிய கோயிலின் படம், கீழே ஸ்பானிய மொழியில் சில வரிகள்.

உடுப்புத் தோய்க்கிற மெசினில் சாய்ந்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேலேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை? நித்திரையே?"

"இல்லை, பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றேன். எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று அவளுக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. நீங்கள் எங்கள் வீட்டுக் கொண்டாட்டம் எதற்கும் வரப்போவதில்லை.

எங்கள் ஆட்களுக்குள் என்னுடைய 'ஸ்பெயின் கதை' பிரபலம். முதல் நன்மைக் கொண்டாட்டமோ அறுபதாவது பிறந்தநாளோ, சாப்பாடு முடிந்து சனம் கதிரையை வட்டமாகப் போட்டுக்கொண்டு இருக்கும்போது யாராவது ஒருவர் தொடங்குவார். "அண்ணை, அந்த ஸ்பெயின் கதையை ஒருக்கா எடுத்து விடுங்கோவன்." நான் கொஞ்சம் பிகு பண்ணுவேன். பிறகு தொடங்குவேன். நானும் இராயப்பண்ணையும் ஸ்பெயினில் ஒரு மலை ஊர்க் கோயிலுக்குள் நிற்கிறோம். காவலாளி வந்து இராயப்பண்ணையைக் காட்டி, "இவர் உங்களுடன் வந்தவரா?" என்று என்னிடம் கேட்கிறார். நான் 'ஓம்' என்று எங்கள் பாணியில் தலையை ஆட்டுகிறேன். இந்த இடத்தில் நான் எழும்பி நின்று ஆட்டிக் காட்டுவேன். மேல் கீழும் இல்லாமல், இடம் வலமும் இல்லாமல், கழுத்தில் ஆணி கழன்ற மாதிரி. பிறந்ததிலிருந்து எங்களுக்கு அது 'ஓம்'. வெள்ளைக்காரனுக்கு அது 'இல்லை'. காவலாளி இராயப்பண்ணையின் முழங்கையில் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்!

சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் தலையாட்டல் கதைகளை எடுப்பார்கள். ஒருவர் டொக்ரருக்குத் தலையாட்டி மருந்து கிடைக்காமல் போனது, இன்னொருவர் இன்ரவியூவில் தலையாட்டி வேலை கிடைக்காமல் போனது. இரவு நல்லபடியாக முடியும்.

அந்தக் கதையில் ஊர் சரி, கோயில் சரி, காவலாளி சரி. நான் தலையை ஆட்டவில்லை. அது மட்டும்தான் பிழை.

உள்பை என்றால் எனக்குப் பார்க்டேல்தான் ஞாபகம் வரும். கனடாவுக்கு வந்த புதிதில் அங்கே ஓர் உயர்ந்த கட்டடத்தில், இரண்டு அறை அப்பார்ட்மென்றில், ஏழு ஆம்பிளைகள் இருந்தோம். ஹீற்றருக்கு மேலே வரிசையாகக் காயவைத்த ஏழு சோடிச் சப்பாத்துகளின் புழுங்கல் மணமும், அடுப்பில் ஏதாவது ஒரு கோழிக்கறியும். அந்த மணம் இன்றைக்கு யாருடைய வீட்டுக்குள்ளேயாவது வந்தால் எனக்கு உடனே பசிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சப்பாத்து மணத்துக்கும் பசிக்கும்.

ஏழு பேருடைய அகதிக் கேஸ் கடதாசிகளும் என் ஜக்கெற்றின் உள்பைக்குள்தான் இருந்தன. ஏனென்றால் ஏழு பேரில் என்னுடைய இங்கிலிஷ்தான் கொஞ்சம் ஓடும். மற்றவர்களுடையது தள்ளி ஸ்ராட் பண்ணவேண்டும். இராயப்பண்ணையுடையது தள்ளினாலும் ஓடாது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரர். என்னைவிட நான்கு வயது மூப்பு. ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவினார், பிறகு என்னையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அப்பார்ட்மென்ற் அவருடைய பெயரில் எடுத்தது. எழுத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கட்டடத்தைப் பார்க்கிற சூப்பர் கதவைத் தட்டினால், மூன்று பேர் படிக்கட்டால் இறங்கி ஓடிவிடவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

ஒரு தை மாதம் எனக்குச் சரியான காய்ச்சல். எழும்ப ஏலாது. சூப்பர் தட்டினார். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். நான் நிலத்தில் மெத்தையில் கிடக்கிறேன். வாசலிலிருந்து என்னைக் காட்டி, "இது யார்? இது ஐந்தாவது ஆள். கடதாசியில் இல்லாத ஆள்" என்றார் சூப்பர். இராயப்பண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"மை பிறதர்."

"உனக்கு இங்கே ஒருவரும் இல்லை என்றாயே?"

"மை பிறதர்! சேம் மதர், சேம் ஃபாதர், சேம் ஸ்ரமக்!" என்று தன் வயிற்றில் தட்டிக் காட்டினார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களாம். சூப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அன்றைக்கு அவருடைய அப்பார்ட்மென்றே போயிருக்கலாம். அந்தக் குளிருக்குள் ஏழு பேரும் ரோட்டில் நின்றிருப்போம். கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

"எடேய், படு. இனி ஆர் கேட்டாலும் நீ என்ரை தம்பிதான், விளங்கிச்சோ?"

எனக்கு விளங்கியது. விளங்கிய ஆள் பிறகு என்ன செய்தேன் என்றுதான் சொல்ல வருகிறேன்.

காலம் ஓடியது. இராயப்பண்ணை பிறம்ரனுக்குப் போனார். ஒரு வேர்ஹவுசில் சேர்ந்து, கலியாணம் முடித்து, அதே வேர்ஹவுசில் சாமான் தூக்கித் தூக்கி இரண்டு முழங்கால்களையும் பழுதாக்கிக்கொண்டார். நான் இன்சூரன்ஸ் விற்கத் தொடங்கி, கோட் போட்டு, ரை கட்டி, ஃபோனில் ஒரு குரலும் வீட்டில் ஒரு குரலுமாகப் பேசப் பழகி, அஜக்சில் வீடு வாங்கினேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலமைப் பூசை முடிந்து காருக்குள் ஏறியவுடன் அவர் எனக்கு ஃபோன் எடுப்பார்.

"எடேய், பூசைக்குப் போனியோ?"

"ஓமண்ணை, இப்பத்தான் வந்தன்."

"பொய் சொல்லாதை. நித்திரைக் குரல். எழும்படா!"

ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல, முப்பது வருடத்துக்குக் கிட்ட இதே பொய்யும் இதே பேச்சும்.

பிலோமினா அக்காவின் மார்பில் ஒரு கட்டி கண்டுபிடித்தது அப்படியான ஒரு காலத்தில்தான். இராயப்பண்ணையின் மனைவி. நல்ல மனுசி, அதிகம் கதைக்கமாட்டா. ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்துவிட்டார்கள். இடையில் நான்கு கிழமை. "அதுக்கு முன்னம் ஒருக்கா உலகத்திலை ஒரு பெரிய கோயிலைக் கண்ணாலை பாக்கவேணும்" என்று அக்கா சொன்னாவாம். இராயப்பண்ணை எனக்கு எடுத்தார். "எடேய், உனக்குத்தானே உதெல்லாம் தெரியும். ஒழுங்கு பண்ணு. நீங்கள் ரண்டு பேரும் வாருங்கோ. எனக்கு அங்கை ஒரு நேர்த்தியும் இருக்கு." என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. மெழுகுதிரி கொளுத்துவார், உண்டியலில் போடுவார் என்று நினைத்தேன்.

மட்றிட்டில் ஐந்து நாள். அதில் ஒரு நாள் மலை ஊருக்கு. ஊரின் பெயரை நான் எழுதமாட்டேன். அந்தக் காவலாளி தன் வேலையைத்தான் செய்தார், அவருடைய கோயிலுக்கு என்னால் ஒரு கெட்ட பெயர் வரவேண்டாம். நாற்பது பேர் போகிற பஸ்சும் இருந்தது. நான் எடுத்தது பிறைவேற். எங்கள் நாலு பேருக்கு மட்டும் ஒரு வான், ஒரு ட்றைவர், ஒரு வழிகாட்டி. "அக்காவுக்கு ஏலாது, அவ பாவம், பஸ்சிலை அலைய வேண்டாம்" என்றேன் மனைவியிடம். மனைவி என் நல்ல மனதை மெச்சினாள். உண்மை வேறு. நாற்பது வெள்ளைக்காரர் இருக்கிற பஸ்சில் இராயப்பண்ணையின் குரலோடும், அவருடைய சாப்பாட்டுப் பையோடும் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பாருங்கள், ஊருக்குள் கால் வைக்கும் முன்னமே என் வெட்கம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவும் பிழையான இடத்தில்.

இராயப்பண்ணைக்கு அந்த 'பிறைவேற்' பெரும் புதினம். "யாழ்ப்பாணத்திலை பிறைவேற் எண்டால் மினிபஸ். புட்போட்டிலை ஒரு கால், றோட்டிலை ஒரு கால். இஞ்சை பாரன், காலை நீட்டிக்கொண்டு போறம்!" என்று வானுக்குள் காலை நீட்டிக் காட்டினார். வழிகாட்டியின் பெயர் பிலார். முன்பு சரித்திர ரீச்சராக இருந்தவ. அழகான இங்கிலிஷ், கழுத்தில் ஒரு பட்டுத் துணி. அரைவாசித் தூரம் போகவில்லை, அண்ணை பையைத் திறந்து பருத்தித்துறை வடை ரின்னை எடுத்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. வான் முழுக்க மிளகாய்த்தூள் மணம். பின்னாலிருந்து எட்டிப் பிலாரிடம் நீட்டினார். "ஈற், ஈற், ஹோம் மேட்." எனக்கு உடம்பு கூசியது. "நீங்கள் கட்டாயம் சாப்பிடவேண்டும் என்றில்லை" என்று நான் இங்கிலிஷில் மன்னிப்புக் கேட்டேன். பிலார் ஒன்று சாப்பிட்டா, இன்னொன்று சாப்பிட்டா, மூன்றாவதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. ட்றைவருக்கும் நாலு போனது. என் மன்னிப்புத்தான் வீணாகப் போனது.

ஒலிவ் மரங்களும் காய்ந்த செம்மண்ணுமாகப் போய்க்கொண்டிருந்த சமவெளியில் திடீரென்று ஒரு பெரிய கல் எழும்பி, அதற்கு மேலே ஊர் இருந்தது. கீழே ஆறு வளைந்து ஓடியது. வான் மேலே போகாது, ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கம். எதிரே ஒரு தடித்த ஆள் வந்தால் நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். கால்களுக்குக் கீழே உருண்டைக் கற்கள். கன்னியாஸ்திரிகள் இனிப்புச் செய்து விற்கிற ஒரு மடத்துக்குப் பிலார் கூட்டிக்கொண்டு போனா. ஆளைக் காணமுடியாது. சுவரில் சுழல்கிற ஒரு மரத்தட்டு. மணியை அடித்தால் உள்ளேயிருந்து ஒரு குரல். தட்டு சுற்றி வரும்போது அதில் பாதாம் இனிப்புப் பெட்டி இருந்தது. பிலோமினா அக்கா தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. "ஆரெண்டு தெரியாது, எனக்காக ஒருக்கா செபியுங்கோ அம்மா" என்று சுவருக்குத் தமிழில் சொன்னா. உள்ளேயிருந்தும் ஏதோ பதில் வந்தது. இரண்டு பேருக்கும் விளங்கின மாதிரித்தான் இருந்தது.

பிறகு கோயில். அதை நான் வர்ணிக்கப் போவதில்லை, வர்ணிக்கிற யோக்கியதை எனக்கில்லை. நாலு ரிக்கற்றும் என் உள்பைக்குள். பார்க்டேல் பழக்கம், எல்லாருடைய கடதாசியும் நான்தான் வைத்திருப்பேன். பிலார் அரை மணித்தியாலம் சுற்றிக் காட்டினா. அக்காவுக்குக் களைத்துவிட்டது. "நான் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மூலைக் கடையில் ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கிறேன். நீங்கள் ஆறுதலாகப் பாருங்கள், பெரிய வாசலில் சந்திப்போம்" என்று சொல்லிப் பிலார் இரண்டு பெண்களுடனும் வெளியே போனா. உள்ளே நானும் இராயப்பண்ணையும்.

அவர் ஒரு தூணடியில் முழங்காலில் இருந்தார். நான் விலகிப் போய் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பேச்சுக் கொடுத்தால், ரொறன்ரோவுக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்! மனிதர் ஓய்வுபெற்ற வக்கீல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு முன் பிலார் சொன்னதையெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்ட மாதிரி எடுத்துவிட்டேன். இந்தக் கல் எங்கேயிருந்து வந்தது, இந்த யன்னல்களின் வண்ணக் கண்ணாடி எத்தனை தலைமுறை வேலை. "நீங்கள் பேராசிரியரா?" என்று அந்த அம்மா கேட்டா. நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க!"

நல்ல தீவுப்பகுதித் தமிழில், கடலுக்கு அக்கரைக்குக் கேட்கிற குரலில். திரும்பினேன். இராயப்பண்ணை பெரிய வாசலடிக்குப் போய், சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, இரண்டு கைகளையும் சிலுவை மாதிரி விரித்துக்கொண்டு, முழந்தாளில் நடந்து வந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து பீடம் வரைக்கும். ஊரில் மடுமாதா கோயிலில் எத்தனையோ பேர் இப்படிப் போவதை நீங்கள் கண்டிருக்கலாம். அங்கே ஆட்கள் விலகி வழி விடுவார்கள், சிலர் கூடவே அழுவார்கள். இதுதான் அவருடைய நேர்த்தி. அந்தப் பழுதாய்ப்போன முழங்கால்களை அக்காவுக்காக அந்தக் கல்லில் தேய்க்க வந்திருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, கையை விரித்தபடியே வந்தார்.

"ஐயோ பாவம், வாசலில் இருந்த பிச்சைக்காரர்களில் ஒருவர் போல" என்றா அந்த அம்மா.

பாதித்தூரம் வந்திருப்பார். வயதான காவலாளி ஒருவர் போய்க் குனிந்து மரியாதையாக ஏதோ கேட்டார். ரிக்கற் கேட்டிருக்கவேண்டும். அண்ணை செபத்தை நிறுத்தவில்லை. கையில் தொங்கிய செபமாலையின் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில், விரித்த வலது கையை அப்படியே என் பக்கம் திருப்பினார்.

"ரிக்கற், மை பிறதர்."

காவலாளி என்னிடம் வந்தார். பத்து அடி இருக்கும். வக்கீலும் மனைவியும் என் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"சேர், இஸ் ஹீ வித் யூ?"

"நோ" என்றேன்.

தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, தெளிவாக, ஃபோனில் இன்சூரன்ஸ் விற்கிற என் நல்ல குரலில் சொன்னேன். ஸ்பானிய மொழியிலும் அது 'நோ'தான், இங்கிலிஷிலும் 'நோ'தான். இராயப்பண்ணைக்குத் தெரிந்த பத்து இங்கிலிஷ்ச் சொல்லில் அதுவும் ஒன்று. அவருடைய செபம் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருப்பேன். பிழையான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆள் பார்ப்பது போலப் பார்த்தார். காவலாளி அவரை முழங்கையில் பிடித்து எழுப்பினார். எழும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வெறுங்காலோடு வெளியே போனார்.

அவர்கள் பெரிய வாசலைத் தாண்டும் வரைக்கும் நான் கண்ணாடியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் கதைத்தேன். இன்னும் ஐந்து நிமிடம் கதைத்தேன். அந்த இருவரும் விடைபெற்றுப் போன பிறகுதான் போய் அவருடைய சப்பாத்தை எடுத்தேன். காலுறை இரண்டையும் ஒழுங்காக மடித்து உள்ளே வைத்திருந்தார்.

வெளியே படிக்கட்டில், உண்மையான பிச்சைக்காரி ஒருத்திக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். முழங்கால் தோல் உரிந்து செம்மண் மாதிரிச் சிவந்திருந்தது. சப்பாத்தை முன்னால் வைத்தேன்.

"அண்ணை, அவன் என்ன கேட்டவன் எண்டு எனக்கு..."

"பரவாயில்லை" என்றார்.

"வாங்கோ, திரும்பப் போவம். ரிக்கற் என்னட்டை இருக்கு. விட்ட இடத்திலையிருந்து..."

"வேண்டாம்." காற்சட்டையை இறக்கிவிட்டு, காலுறையையும் சப்பாத்தையும் போட்டு, கயிற்றைக் கட்டினார். மிகவும் ஆறுதலாகக் கட்டினார். எனக்கு அந்தப் படியில் இருக்கவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

வானில் ஏறியபோது பிலோமினா அக்கா அவருடைய காற்சட்டையில் புழுதியைக் கண்டுவிட்டா. "முடிச்சுப்போட்டியளே?" என்று மெல்லக் கேட்டா. அவருடைய நேர்த்தி அவவுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இராயப்பண்ணை சிரித்தார்.

"ஓம், பீடத்தடி மட்டும் போய் முடிச்சுப்போட்டன். அதுக்குப் பிறகெல்லோ பகிடி! காவல்காரன் வந்து என்னைக் காட்டி இவரிட்டைக் கேட்டவன், உங்கடை ஆளோ எண்டு. இவர் எங்கடை மாதிரித் தலையை ஆட்டினவர். அவன் இல்லையெண்டு விளங்கிப்போட்டான். என்னைப் பிடிச்சு வெளியிலை விட்டிட்டான்!"

என் மனைவி சிரிசிரியென்று சிரித்தாள். பிலாருக்கு மொழிபெயர்த்தாள். "எப்படி ஆட்டினீர்கள், காட்டுங்கள்!" என்று பிலார் கேட்டா. நான் காட்டினேன். ஆம், அந்த வானுக்குள் இருந்துகொண்டு தலையை ஆட்டிக் காட்டினேன். அதுதான் முதல் தடவை. அந்தக் கதையை அவர்தான் கட்டினார், எனக்காக, ஒரே மூச்சில் இரண்டு பொய். நான் அதை எடுத்துக்கொண்டு வருடக்கணக்காக ஊரெல்லாம் விற்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்குச் சோறும் அவர்தான் போட்டார்.

நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. எனக்குக் காது அன்றைக்கே சூடேறியது. "இவர்" என்றார். "உவன் தலையை ஆட்டினவன்" என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும்? என்னைப் பற்றி அவர் யாரிடம் சொன்னாலும் 'உவன்'தான், 'இவன்'தான். மனைவிமாருக்கு முன்னால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மட்றிட்டில் இறங்கும்போது என்னுடைய கோட் இருக்கையில் கிடந்தது. எடுத்து நீட்டினார்.

"உங்கடை கோட்டை விட்டிட்டுப் போறியள்."

ஒப்பரேசன் அன்று காலமை ஆஸ்பத்திரியில் நான்தான் முதல் ஆளாக இருந்தேன். நான் பெருநாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். அன்றைக்கு அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு செபித்த மாதிரி வாழ்க்கையில் செபித்ததில்லை. அக்காவுக்கு ஒன்று நடந்தால், பாதியில் நின்ற அந்த நேர்த்திக்கு நான்தான் பொறுப்பு. அதை அறிந்தவர் இரண்டே பேர், அதில் ஒருவர் எனக்குப் பக்கத்திலேயே இருந்து, "கோப்பி குடிக்கிறியளே?" என்று என்னைக் கேட்கிறார். ஐந்து மணித்தியாலம். டொக்ரர் வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். நான் அழுதேன். இராயப்பண்ணை என் தோளில் தட்டினார். "அழாதையுங்கோ" என்றார்.

அவர் அந்த நேர்த்தியைப் பிறகு வேறெங்காவது முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க முடியாத கேள்வி அது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் நிற்கவில்லை. அதுதான் கொடுமை. "பூசைக்குப் போனீங்களோ?" "ஓமண்ணை." "நல்லது." பொய் என்று தெரிந்தாலும் இப்போது அவர் பேசமாட்டார். என் மகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து கதிரை அடுக்கினார். எல்லாருக்கும் முன்னால் என்னை "வாங்கோ, இருங்கோ" என்றார். சனம் அதை என் கோட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தது. நானே அவருக்கு முன்னால் வைத்து ஸ்பெயின் கதையைச் சொல்லியிருக்கிறேன், இரண்டு மூன்று தடவை. அவரும் சிரிப்பார். "ஓம், ஓம், அப்பிடித்தான் ஆட்டினவர்" என்று சாட்சியும் சொல்வார்.

ஒரே ஒருமுறை வாய் திறந்தேன். பிறம்ரனில் ஒரு பிளாசா வாசலில், அவருடைய காருக்குள். மழை. "அண்ணை, அண்டைக்கு அந்தக் கோயிலுக்குள்ளை நான்..." என்று தொடங்கினேன். "உங்கடை தலையாட்டலைச் சொல்லுறியளோ?" என்று சிரித்துக்கொண்டே வைப்பரைப் போட்டார். கண்ணாடி துடைபட்டது. "அக்கா பாத்துக்கொண்டிருப்பா. வாங்கோ, உங்களை இறக்கிவிடுறன்." அவ்வளவுதான். இன்னொரு முறை கேட்கிற துணிவு எனக்கு வரவில்லை. நாளைக்கு, அடுத்த பெருநாளுக்கு, அவர் பென்சனுக்குப் போனபிறகு என்று தள்ளினேன். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதைத்தான்.

பார்க்டேலில் அந்தக் கட்டடம் நிற்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அண்ணாந்து பார்த்தேன், எங்கள் யன்னலில் யாரோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள். ஏழு பேரில் இப்போது நாலு பேர். அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறோம், கலியாண வீடுகளில் சந்தித்தால் கைகொடுக்கிறோம். என் அப்பாவும் அம்மாவும் போய் எத்தனையோ காலம். ஊரில் என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். இந்தப் பெரிய ரொறன்ரோவில் என்னை 'எடேய்' என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் மிச்சமிருந்தார். அவர் செத்தது போன வருடம். அந்தச் சொல் நின்றது அந்த மலை ஊரில்.

அவருடைய ஆண்டுப் பூசை முடிந்து பிறம்ரன் வீட்டில் சாப்பாடு. எல்லாரும் போன பிறகு பிலோமினா அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. அவவுக்கு முடி திரும்ப நல்லாக வளர்ந்து, முழுக்க வெள்ளையாக இருந்தது. அவருடைய படத்தை ஒருக்கா பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்தா.

"தம்பி, உங்களுக்கொண்டு சொல்லவேணும். அவர் ஆரையும் வாடா போடா எண்டுதான் கதைக்கிறவர். சுவாமியாரையும் விடமாட்டார். உங்களை மட்டும்தான் பிறகு 'நீங்கள்' எண்டு மாத்தி, கடைசிமட்டும் அப்பிடியே சொன்னவர். வீட்டிலை எங்களோடை கதைக்கேக்கையும் 'அவர்' எண்டுதான் சொல்லுவார். அவருக்கு உங்களிலை அவ்வளவு மரியாதை, தெரியுமே?"

"ஓம் அக்கா" என்றேன்.